கழுத்தில் தொங்கிய இரண்டு டோக்கன்கள்

அன்பு மூத்தவளுக்கு,

அம்மா எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே அப்பா நலம், உன் தங்கை தேவைக்கு மேலேயே நலம், நான் எப்படி இருக்கிறேன் என்பதை இதைப் படித்துவிட்டு நீயே சொல்.

தெருப் பிள்ளைகளைச் சேர்த்து நாடகக் குழு ஆரம்பித்துவிட்டு நீ விமானம் ஏறிவிட்டாய், தொல்லை மட்டும் என் கூடத்திலேயே தங்கிவிட்டது. தினமும் சாயங்காலம் எட்டுப் பேர், தையல் கம்பெனியிலிருந்து கால் வீங்கி வந்தால் எனக்கு உட்கார இடமில்லை. கேட்டால், அக்கா போன்ல சொல்லியிருக்கா, மனுஷங்களை உத்துப் பார்த்து நடிக்கணுமாம், கண்ணு முன்னாடி நடக்கிற அநியாயத்தை இந்த வயசுப் பசங்கதான் கேட்கணுமாம் என்கிறாள் சின்னவள். கேட்டுத் தொலையட்டும் என்று விட்டேன். போன மாதம் வந்து குழைந்தாள். நாடகத்துல ஒரு சூப்பர்வைசர் வர்றாங்கம்மா, உன் நீலக் கோட்டைக் குடு, பாத்ரூம் டோக்கனை எப்படிக் குடுப்பேன்னு காட்டு என்றாள். நானும் பெருமையாகக் காட்டினேன். டோக்கன் இல்லாமல் ஒருத்தியும் பாத்ரூம் போக முடியாது, நாற்பது பெண்களுக்கு இரண்டே டோக்கன், கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பேன், ஒருத்தி கேட்டதும் கொடுத்துவிடக் கூடாது, முதலில் கடிகாரத்தைப் பார்க்கணும், அப்புறம் அவள் மெஷின் முன்னால் குவிந்திருக்கும் துணியைப் பார்க்கணும், அப்புறம்தான் கழற்றணும். சின்னவள் அவசரப்பட்டபோது, இப்படியில்லடி, மெதுவா என்று திருத்தியதும் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நாடகம், நான் மேய்க்கிற தையல் லைன் பெண்கள் பாதிப் பேர் முன்வரிசையில். சின்னவள் என் கோட்டில், என் நடையில் வந்து கடிகாரத்தைப் பார்த்ததும் கொல்லென்று சிரித்தார்கள். உன் அப்பா விசில் அடித்தார், அதுவும் உனக்குத் தெரியட்டும். அப்புறம் தொழிலாளியாக நடித்த பெண் வந்தாள், பாட்டில் தண்ணீரை அப்படியே கம்பெனி வாசலில் கொட்டுவதுபோலக் கொட்டினாள், குடிச்சா போகணும்ல என்றாள். யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் என் பெண்கள் எல்லாம் தலையைக் குனிந்திருந்தார்கள். பதினொரு வருஷமாக அந்த லைனில் நிற்கிறேன், இது எனக்குத் தெரியாது. அதோடு விட்டார்களா? நீ பழக்கிவிட்ட வழக்கப்படி நாடகத்தைப் பாதியில் நிறுத்தி, இந்தப் பொண்ணு என்ன பண்ணியிருக்கணும், வந்து நடிச்சுக் காட்டுங்க என்று கூட்டத்தைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனது யார் தெரியுமா, பூனைக்குட்டி. வேலைக்குச் சேர்ந்த மூன்று மாதத்தில் அவள் குரலையே நாங்கள் கேட்டதில்லை, அதனால் வைத்த பெயர். சூப்பர்வைசராக நின்ற சின்னவளிடம் கையை நீட்டி, எனக்கு இப்பவே போகணும், நீங்க கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம் என்றாள். ஒரே கைதட்டல். சரி, நாடகம் நாடகத்தோடு போகட்டும் என்று வந்தேன். மறுநாள் பத்து மணிக்கு, எல்லா மெஷினும் ஓடும்போது, அவள் நிஜமாகவே என் முன்னால் வந்து நின்றாள், அதே வார்த்தை, உதடு மட்டும் நடுங்கியது. ஒவ்வொரு மெஷினாக ஓசை நின்றது. பழக்கதோஷத்தில் நான் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன், வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு டோக்கனையும் கழற்றி பாத்ரூம் கதவோரம் ஆணியில் மாட்டி, வேணுங்கிறவ எடுத்துட்டுப் போங்கடி, என் உயிரை வாங்காதீங்க என்று கத்தினேன்.

மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. டோக்கன் மறுபடி என் கழுத்தில் இருக்கணும், இல்லாவிட்டால் வருகிற திங்கட்கிழமை கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பலாம் என்கிறார். மாட்டிக்கோயேன், அது என்ன கனமா கனக்குது என்கிறார் உன் அப்பா. சின்னவள் தன்னால் அம்மா வேலை போய்விடுமோ என்று பயந்து, சொல்லாமலேயே பாத்திரமெல்லாம் தேய்த்து வைக்கிறாள், திட்டுவதற்குக்கூட மனசு வரவில்லை. நான் மாட்டப்போவதில்லை. உங்கள் நாடகத்துக்காக இல்லை, பெருமைப்பட்டுக்கொள்ளாதே. அந்தப் பெண்ணை இன்னொரு தடவை அப்படி நடுங்க வைக்க என்னால் ஆகாது. ஆனால் மேனேஜர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நாளைக்கு நம் கூடத்தில் சின்னவள் மேனேஜராக உட்காரப்போகிறாள், நான் பேசிப் பார்க்கப்போகிறேன். அந்த எட்டுப் பிள்ளைகளில் ஒன்று சிரித்தாலும் நடக்கிறதே வேறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும், நன்றாக இரு. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. திங்கட்கிழமை சாயங்காலம் போன் பண்ணு, எடுத்ததும் என்ன ஆச்சு என்று கேட்காதே, நானே சொல்வேன்.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அம்மா