செத்த குட்டியின் தோல்

அண்ணா,

கடிதம் எழுத மூங்கில் பட்டை சீவி மூன்று நாளாகிறது. இன்றுதான் எழுதக் கை வந்தது.

குதிரைகளைப் பெருக்கியதற்காக ராஜா எனக்கு நிலம் கொடுத்தார் என்று ஊரில் சொல்லியிருப்பார்கள். வெய் ஆற்றங்கரையில், ராஜாவின் குதிரை லாயத்தில் நடந்தது வேறு.

“உங்கப்பனுக்கு அப்புறம் நீயே வாரிசா இருந்துடேன். பெரியவனுக்குக் குதிரையைப் பத்தி என்ன தெரியும்?” என்றார் ராஜா.

எனக்குக் கடிவாளம் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நீ. அதை நான் சொல்லவில்லை. குனிந்து ஒரு குளம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிற்றரசரான உன் அம்மாவின் அப்பாதான் சபையில் கத்தினார்: “மூத்த தாரத்துப் புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கான். இளையவ மகனுக்கு என்ன அவசரம்?” அவர் வாயை அடைக்க முடியாமல்தான் ராஜா வாரிசுரிமையை உனக்கே விட்டுவிட்டு எனக்குத் தனி நிலம் கொடுத்தார். இங்கே எல்லோரும் என்னைக் கும்பிடுகிறார்கள்.

நேற்று ஒரு பெட்டைக் குதிரையின் குட்டி செத்தது. வழக்கம்போல் அதன் தோலை உரித்து, தாயில்லாத குட்டி ஒன்றின்மேல் போர்த்தினேன். பெட்டை மோந்து பார்த்தது, தன் குட்டியென்று நம்பிப் பால் கொடுத்தது. ஆட்கள் சிரித்தார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

செத்த குட்டியைத்தான் உரிப்போம், அண்ணா. நீ உயிரோடு இருந்தாய்.

குளம்பைப் பார்த்துக்கொண்டு நின்ற
உன் தம்பி