மார்கழியில் இறங்கிய எண்ணெய்

அக்கா,

இன்று காலை குளிக்கப் போகும் முன் அலமாரியிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தேன். மார்கழிக் குளிருக்குக் கட்டியாக உறைந்து வெள்ளைவெளேரென்று இருந்தது. நடுவில் ஒரு குழி, யாரோ விரலை விட்டுத் தோண்டி எடுத்த மாதிரி. இந்த வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான் இருக்கிறோம். அவருக்கு எண்ணெய் வைக்கத் தலையில் முடி கிடையாது. அப்படியிருந்தும் "யார் எடுத்தது?" என்று என் மனம் ஒரு கணம் கேட்டுவிட்டது. எல்லாம் தெரிந்த பிறகும், இத்தனை வருடம் கழித்தும், அதே கேள்வி. பாட்டிலும் கையுமாக நின்றதில் வெந்நீர் ஆறிப்போனது.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. உங்கள் காரியத்துக்குக் கிணத்துக்கடவு வந்திருந்தபோது, கிளம்பும் நேரத்தில் உங்கள் மருமகள் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனை என் கையில் கொடுத்தாள். ஐந்து லிட்டர் பிடிக்கும் அகல வாய்க் கேன். அதைத் திருப்பிப் பார்க்காமலே கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். ஏனென்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

"அத்தை இதை ஆரையும் தொட உடமாட்டாங்க. உங்ககிட்டக் குடுத்துறச் சொன்னாங்க."

"எதுக்குன்னு சொன்னாங்களா அம்மணி?"

"அதெல்லாம் சொல்லலீங்க. குடுத்துறுன்னு மட்டுந்தான் சொன்னாங்க."

மூன்று மாதமாக அந்தக் கேன் என் சமையலறை மூலையில் காலியாக இருக்கிறது. கொடுத்தது பிரியத்திலா, குத்திக் காட்டவா? எனக்குப் புரியவில்லை. அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். யாருக்கு எழுதுகிறேன் என்பதும் சரியாகத் தெரியவில்லை.

நான் சத்தியமங்கலத்துப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் கடலை எண்ணெய்தான். அது எந்த மார்கழிக்கும் உறையாது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு உங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் தேங்காய் எண்ணெயோடு எனக்குப் பழக்கம். உங்கள் தோப்புக் கொப்பரையைச் செக்கில் ஆட்டி விற்கலாம் என்று நாம் சேர்ந்து ஆரம்பித்தபோது, ஆட்டுவதும் வெயிலில் வைத்துத் தெளிய வைப்பதும் உங்கள் பாடு. கோயம்புத்தூரில் வீடு வீடாக ஆள் பிடிப்பது என் பாடு. நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள், ஆகவே பேச்சுக்குக் குறைவில்லை.

எண்ணெய் வடிகட்டும் எவர்சில்வர் டிரம்மின் மூடி ஒரு தடவை இறுகிக்கொண்டது நினைவிருக்கிறதா? நான் கரண்டிக் காம்பை விட்டு நெம்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு சொம்பு வெந்நீரை மூடியைச் சுற்றி ஊற்றினீர்கள். கையால் திருகியதும் கழன்று வந்துவிட்டது. "சூடு பட்டா உலோகம் விரியும்ங்க்கா. மூடி விரிஞ்சு வாய் லூசாயிருச்சு" என்று நான் பாடம் எடுத்தேன். நீங்கள் சிரித்தீர்கள். "பேரை நீ வெச்சுக்க கண்ணு. எனக்கு மூடி கழண்டாப் போதும்."

அந்த வருட மார்கழியில்தான் எனக்குப் புத்தி கெட்டது.

வெயிலில் வைத்த எண்ணெயைச் சாயங்காலம் வெதுவெதுப்பாகவே கேன்களில் கழுத்துவரை ஊற்றி, உங்கள் வீட்டு உள்ளறையில் வைத்துப் பூட்டுவோம். சாவி உங்கள் முந்தானையில். ஒரு நாள் காலையில் திறந்து பார்த்தால் எல்லாக் கேனிலும் எண்ணெய் உறைந்து, ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. நடுவில் குழி. கேனின் இடுப்பு உள்ளே ஒட்டி, யாரோ அழுத்திப் பிடித்துக் கவிழ்த்த மாதிரி இருந்தது. மறுநாளும் அப்படியே.

நான் யோசித்தேன். அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள், நான் அறிவியலாகத்தான் யோசித்தேன். தண்ணீர் உறைந்தால் விரியும். ஃப்ரீஸரில் வைத்த பாட்டில் வெடிக்கும். வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். அப்படியானால் உறைந்த எண்ணெய் மேலேதானே ஏற வேண்டும்? கீழே இறங்கியிருந்தால் யாரோ எடுத்திருக்க வேண்டும். அறைக்குள் போகிறவர் நீங்கள் ஒருவர்தான். தண்ணீர்தான் விதிவிலக்கு, மற்றதில் பெரும்பாலானவை உறையும்போது சுருங்கும் என்று அதே பாடத்தின் அடுத்த வரியில் இருந்தது. அந்த வரியையும் நான்தான் நடத்தியிருக்கிறேன். உள்ளே இருந்த காற்றும் குளிரில் சுருங்கிக் கேனை உள்ளே இழுத்திருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் உதவாமல் போனதோடு நிற்கவில்லை, உங்கள் மேல் பழியையும் போட்டது.

நேராகக் கேட்டிருக்கலாம், நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் நீங்கள் அடுப்படிக்குப் போன சமயம், ஒரு கேனின் வெளிப்பக்கத்தில், எண்ணெய் நின்ற மட்டத்துக்கு நேராக நீல மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். மறுநாள் காலையில் எண்ணெய் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடையில் இருந்தது. கேனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, "ஏனுங்க்கா, இந்த எண்ணெய் எங்கீங்க போச்சு?" என்று கேட்டேன். குரலில் தேன் தடவித்தான் கேட்டேன். அது இன்னும் மோசம்.

நீங்கள் கேனைப் பார்த்தீர்கள். பிறகு கோட்டைப் பார்த்தீர்கள்.

"கோடு போட்டயா கண்ணு?"

அவ்வளவுதான் கேட்டீர்கள். கேனை என் கையிலிருந்து வாங்கி, வாசலில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தீர்கள். பக்கத்திலேயே முறத்தோடு உட்கார்ந்து துவரம்பருப்பு புடைக்க ஆரம்பித்தீர்கள். நானும் உட்கார்ந்தேன், எழுந்து போக வழி தெரியாமல். பொழுது ஏற ஏறக் கட்டி ஓரத்தில் இளகியது. குழி நிரம்பியது. வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆனது. உச்சிப்பொழுதுக்கு எண்ணெய் சரியாக என் கோட்டில் வந்து நின்றது, மேலேயும் இல்லை கீழேயும் இல்லை.

"வந்துருச்சு, பாத்துக்குங்க" என்றீர்கள். உள்ளறைச் சாவியை அவிழ்த்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "ஆமாங்க்கா, வெப்பத்துக்கு விரியுது பாருங்க!" என்று உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னேன், நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சோதனை செய்து பார்த்த மாதிரி. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சாயங்காலம் கேட்கலாம் என்று நினைத்தேன். பிறகு பொங்கல் கழியட்டும் என்று நினைத்தேன்.

குளிருக்கு எண்ணெய் இறங்கும் என்பது தோப்பில் பிறந்து வளர்ந்த உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாமே? நான் வெட்கப்படக் கூடாதென்று சொல்லாமல் விட்டீர்களா? நன்றாக வெட்கப்படட்டும் என்றா? அன்றைக்குப் பிறகு நாம் ஆறு வருடம் சேர்ந்து தொழில் செய்தோம். ஒரு சண்டை இல்லை. ஆனால் "வா கண்ணு" போய் "வாங்க அம்மணி" வந்தது. நம் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் மரியாதை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதை வைத்து உங்கள் மனதை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுக்காரரிடம் கேட்டேன். "மரியாதை குடுத்தா வாங்கி வெச்சுக்க. அதுலயும் ஆராய்ச்சியா?" என்றார். நாங்கள் கோயம்புத்தூருக்கு வந்த பிறகு போனில் பேசும்போதெல்லாம் மழை, தேங்காய் வரத்து, பிள்ளைகள் என்று பேசினீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் அந்தப் பேச்சை எடுக்கப் போய், கடைசியில் கொப்பரையைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

இன்று குளியலறையிலிருந்து நேராகச் சமையலறைக்குப் போய் உங்கள் கேனை எடுத்தேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாகத் திருப்பிப் பார்த்தேன். என் நீலக் கோடு அப்படியே இருந்தது. நியாயமாகப் பார்த்தால் இத்தனை வருடக் கழுவலில் அது போயிருக்க வேண்டும். உற்றுப் பார்த்தால், என் கோட்டின் மேலேயே திரும்பத் திரும்ப வேறு மை ஓடியிருக்கிறது. கருப்பு, சிவப்பு, மறுபடி நீலம். மங்க மங்க யாரோ அதைப் புதுப்பித்திருக்கிறார்கள்.

உடனே உங்கள் மருமகளுக்குப் போன் போட்டேன்.

"ஆமாங்க, அத்தைதான் எழுதுவாங்க. ஊட்டுக்கு வெக்கற எண்ணெயை எப்பவும் அந்தக் கோட்டுக்குத்தான் ஊத்துவாங்க. அது ஆரு போட்ட கோடுன்னு கேட்டதுக்கு, வாத்தியாரம்மா போட்டது, சரியா இருக்கும்னாங்க."

போனை வைத்த பிறகும் எனக்குத் தெளியவில்லை. சரியாக இருக்கும் என்று சொன்னபோது உங்கள் முகம் எப்படி இருந்தது? சிரித்தீர்களா? மறக்கக் கூடாதென்று எழுதினீர்களா, மறந்துவிட்டதால் எழுதினீர்களா? அவளிடம் கேட்டால், "சும்மாதான் சொன்னாங்க" என்கிறாள். உங்கள் முகத்தைப் படிக்க எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை.

எதில் குறை தெரிந்தாலும் வெயில் ஏறும்வரை பொறுக்க நான் அந்த வாசலில்தான் கற்றேன். வேலைக்கு வரும் பெண்மேல் சந்தேகம் வந்தபோது பொறுத்தேன். மகன்மேல் வந்தபோதும் பொறுத்தேன். அதனால் அவர்கள் யாருக்கும் நான் இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்காது.

வீட்டில் இருந்த எண்ணெயோடு கடையில் வாங்கியதையும் சேர்த்து இளக்கி, வெதுவெதுப்பாக உங்கள் கேனில் நீலக் கோடுவரை ஊற்றி வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் அது இறங்கியிருக்கும். பால்கனியில் வெயில் விழுகிற இடத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன். எண்ணெய் கோட்டுக்கு வந்து சேர்ந்ததும் இந்தத் தடவை சிரிக்க மாட்டேன். உங்களைத் திருடி என்று நினைத்துவிட்டேன், தப்புங்க்கா என்று வாய்விட்டுச் சொல்வேன். எண்ணெய் வந்துவிடும், எனக்குத் தெரியும். நீங்கள்தான் உள்ளேயிருந்து பதில் சொல்ல மாட்டீர்கள்.