முன்னால் மாட்டிய ஸிப்

ஞாயிறு, 9 ஜூன் 1991

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டிக்காக இன்று காலை தஞ்சோங் பூங்கா கடற்கரையில் முதல்முறையாகக் கடலில் நீந்தினேன். நீந்தினேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மெல்பர்னிலிருந்து மச்சான் அனுப்பிய வெட்சூட் என்ற ரப்பர் நீச்சல் உடுப்போடு இறங்கினேன். கால் தரையைத் தொடாத இடம் வந்ததும் அந்த ரப்பர் கழுத்தை நெரித்தது. மூச்சு ஏறவில்லை. அப்பாவின் நெஞ்சுவலி நினைவுக்கு வந்தது. கையைத் தூக்கிக் கத்தினேன். கூட நீந்திய ரஹீம்தான் கரைக்கு இழுத்து வந்தான்.

"கடல் உங்களுக்கு வேணாம்ணே. சைக்கிள் போட்டி மட்டும் போதும்லா," என்றான். நானும் தலையாட்டிவிட்டேன்.

சாயங்காலம் அந்த உடுப்பைக் காயப்போட்ட என் மனைவி கமலா கூப்பிட்டாள்.

"ஏங்க, ஸிப்பை முன்னால வெச்சா போட்டீங்க? முட்டிக்குத் தடிப்பா தைச்ச பக்கம் ஸிப்புக்கு எதிர்ப்பக்கமா இருக்கு பாருங்க. அப்போ ஸிப்பு முதுகுலதானே வரணும்!"

சிரித்தாள். நானும் சிரித்தேன். ஜாக்கெட் மாதிரி முன்பின்னாக மாட்டியிருக்கிறேன்; அதனால்தான் கழுத்தை நெரித்திருக்கிறது. உடனே ரஹீமுக்குப் போன் செய்து, போட்டியை விடவில்லை என்று சொன்னேன்.

ஆனால் தூக்கம் வரவில்லை. நெரித்தது ரப்பர் மட்டும்தானா? காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்று தெரிந்த அந்த நிமிடம்...

வெட்சூட்டைச் சரியாகப் போட்டுப் போனாலும் இதற்குப் பதில் கிடைக்காது. அதுவே என்னை மிதக்க வைத்துவிடும். நம் கடலில் குளிருக்கும் அது தேவையில்லை. நாளை வேலைக்கு முன்னால் ரஹீமை எழுப்பிக் கூட்டிக்கொண்டு, வெறும் காற்சட்டையோடு அதே இடத்துக்குப் போகிறேன்.

வெட்சூட் கொடியிலேயே தொங்கட்டும்.