மதர்போர்டில் சந்தனம்

ஆயுத பூஜை, இரவு 11.20

கேமிங் கம்ப்யூட்டருக்காக நான் வாங்கிவைத்திருந்த மதர்போர்டின் மேல் அம்மா சந்தனம் வைத்துவிட்டாள். அதுவும் பிராசசர் உட்கார வேண்டிய குழியில். முடியைவிட மெல்லிய கம்பிகள் நூற்றுக்கணக்கில் நிற்கிற இடம் அது.

“நடுவுல சதுரமா ஒரு இடம் இருந்துச்சு. அங்கதான் வெச்சேன்” என்றாள். மேலே குங்குமம் வேறு.

கிராபிக்ஸ் கார்டுக்கே பாதிப் பணம் போய்விட்டதால், ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் புத்தூரில் ஒருவரிடம் பழைய போர்டாக வாங்கினேன். வாரண்டி கிடையாது. ஒரு கம்பி வளைந்தாலும் போச்சு. ஸ்பிரிட்டால் உடனே துடைக்கலாம் என்று கையை நீட்டினேன். “பூஜையில வெச்சத நாளைக்குக் காலையிலதான்டி எடுக்கணும்” என்று தடுத்துவிட்டாள்.

வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கேமு” என்று ஒரு மாதமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள் அவள். இன்று அவளாகவே என் அறைக்குள் வந்து போர்டை எடுத்துப்போய், தன் தையல் மெஷினுக்கும் அப்பாவின் ஸ்பேனர்களுக்கும் நடுவில் வைத்திருக்கிறாள்.

சந்தனம் இந்நேரம் காய்ந்து கம்பிகளோடு ஒட்டியிருக்கும். இப்போதே போய்த் துடைத்துவிடலாம்தான். ஆனால் பொட்டு இல்லாததைக் காலையில் முதலில் பார்க்கப்போவது அவள்தான்.

படுக்கப்போகும் முன் என் அறை வாசலில் வந்து நின்றாள். “காலையில அத மாட்டி ஆன் பண்றப்ப என்னையும் கூப்பிடு. நானும் பாக்கணும்.”

சரிம்மா என்றேன்.