நான் கூப்பிடாமல் விட்ட பெயர்

என் பிரியாவின் அப்பாவுக்கு,

கடிதத்தில்கூட உங்கள் பெயரை எழுதக் கை வரவில்லை பாருங்கள். பதினோரு வருஷமும் "ஏங்க" என்றே ஓட்டிவிட்டேன். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வேன், அதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். நாளை உங்களுக்கு முதல் வருஷத் திவசம். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. பிரியா ஆறாவது போகிறாள், கணக்கு மட்டும் உங்களைப் போலவே வரவில்லை. அரியலூரை மறுபடியும் தனி மாவட்டம் ஆக்கிவிட்டார்கள். முன்பு பெரம்பலூரிலிருந்து பிரித்தார்கள், அடுத்த வருஷமே சேர்த்தார்கள், இப்போது மறுபடி பிரித்திருக்கிறார்கள். ஆலத்தியூரில் நம் வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, விலாசம்தான் மாறி மாறி வருகிறது. இதற்கெல்லாம் யாரும் யாரையும் பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடிக்கவில்லை. உங்களை மட்டும் நான் கூட்டிப்போனேன்.

கல்யாணமான புதிதில் என் புடவைகளை நீங்கள்தான் மடித்து வைப்பீர்கள். நான் கட்டும்போது கீழே உட்கார்ந்து கொசுவத்தை இழுத்துச் சரி செய்வீர்கள். இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று என் சித்தி ஊரெல்லாம் சொன்னாள். அடுத்த கோடையில் வெக்கைக்கு நல்லது என்று என் நைட்டியைப் போட்டுக்கொண்டு படுத்தீர்கள், அதற்கும் சிரித்தேன். பிறகு மை வந்தது, பொட்டு வந்தது. பிரியாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் ஒருநாள், காலை ஷிப்டு முடிந்து வந்து, சுண்ணாம்புக்கல் லாரியின் வெள்ளைத் தூசி போகக் குளித்துவிட்டு, என் ஊதாப் புடவையைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் வந்து நின்றீர்கள். என்னைவிட நன்றாகக் கட்டியிருந்தீர்கள். எனக்கு முதலில் வந்தது பொறாமை, அப்புறம்தான் பயம்.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னீர்கள். முடியிறக்குவதற்கு முன் ஆண் குழந்தைக்குப் பாவாடை கட்டிப் பூ வைத்துப் படம் எடுப்பார்களே, உங்கள் வீட்டிலும் எடுத்தார்களாம். படம் எடுத்த பிறகு பாவாடையை அவிழ்க்க விடாமல் அழுதீர்களாம். விவரம் தெரிந்த வயதில் வெட்கப்பட்டு, சேர்த்து வைத்திருந்த வளையலை எல்லாம் ஏரியில் எறிந்து, இனி இல்லை என்று சத்தியம் செய்தீர்களாம். ஆறு மாதத்தில் மறுபடியும் வளையல் வாங்கினீர்களாம். கல்யாணம் ஆனால் போய்விடும் என்று நம்பித்தான் உன்னைக் கட்டினேன் என்றபோது எனக்குச் சுருக்கென்றது. அரவாணிகளோடு போய்விடுவீர்களா என்று கேட்டேன்.

"எங்கயும் போவல செல்வி. லாரி ஓட்டுறவனும் நாந்தான், இதுவும் நாந்தான். உன்கிட்டயாவது ஒளிக்காம இருக்கணும், அவ்வளவுதான்."

கதவைச் சாத்திக்கொண்டு, பிரியா பள்ளிக்கூடம் விட்டு வரும் வரைக்கும் புடவையில் இருங்கள் என்று ஒத்துக்கொண்டேன். அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் பேசும் பேச்சு மற்ற நேரத்தில் வராது. வெங்காயம் உரித்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவோம். ஒருநாள், இப்படி இருக்கும்போது வசந்தா என்று கூப்பிடு என்றீர்கள். எனக்கு வாய் வரவில்லை.

"புருஷன் பேரத்தான சொல்லக் கூடாது? இது புருஷன் பேரே இல்லையே," என்று கிண்டல் செய்தீர்கள்.

நானும் சிரித்தேன், ஆனால் கூப்பிடவில்லை. கூப்பிட்டுவிட்டால் அவள் இங்கேயே தங்கிவிடுவாள் என்று நினைத்தேன். எவ்வளவு அற்பமான புத்தி எனக்கு?

பிறகு உங்கள் அண்ணன் திடீரென்று வந்து கதவைத் தட்டிய நாள். அவசர அவசரமாக அவிழ்த்துப் போட்டு முகத்தைக் கழுவினீர்கள், கண்ணில் மை போகவில்லை. நாடகத்தில் சேர்ந்துவிட்டாயா என்று அவர் கேட்டுவிட்டுப் போனார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயங்கொண்டத்துக்குப் போய்ச் சித்தியிடம் கொட்டிவிட்டேன். லாரி எந்த வழியாகப் போகிறது என்று சித்தி கேட்டாள். அந்த வழியில் இருக்கும் பழைய கல்குழியில் ஒரு பெண் விழுந்து செத்ததைச் சொன்னேன். அவள்தான் உங்களைப் பிடித்திருக்கிறாள் என்று சித்தி முடிவே கட்டிவிட்டாள். குழந்தையிலேயே ஆரம்பித்தது என்று உங்கள் வாயால் கேட்டவள் நான். இருந்தும் தலையாட்டினேன். பேய் என்றால் உங்கள் மேலும் பழி இல்லை, என் மேலும் பழி இல்லை.

ரஞ்சன்குடிக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தப் பூசாரியிடம் கூப்பிட்டபோது நீங்கள் சண்டை போடவில்லை. அவர் உடுக்கை அடித்து, வேப்பிலையால் தோளிலும் முதுகிலும் அடித்து, யார் நீ, பேரைச் சொல் என்று கேட்டார். நீங்கள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள்.

"வசந்தா," என்றீர்கள். "எனக்கு ஒண்ணும் வேணாம். அடிக்காதீங்க, போயிடுறேன்."

உச்சி முடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் எனக்கு மல்லிகைப் பூ வாங்கிக் கொடுத்து, இனிமேல் நிம்மதியாக இரு என்றீர்கள். நான் உண்மையிலேயே நிம்மதியாக இருந்தேன். குணமாகிவிட்டது என்று சித்திக்குப் போன்கூடப் பண்ணினேன். நாலு வருஷம் நீங்கள் என் புடவையைத் தொடவில்லை. ஷிப்டு முடிந்து வந்து டிவி முன்னால் உட்கார்ந்தால், கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி. அதுதான் ஆம்பளை சுபாவம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மஞ்சள் காமாலை முற்றிப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கடைசிக்கு முதல் நாள் பார்வையாளர் நேரத்தில், என் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"ஒரு தடவ அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடேன்."

பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் இருந்தார்கள். "சும்மா இருங்க, எல்லாரும் பாக்குறாங்க," என்றேன். நீங்கள் சரி என்று கையை விட்டுவிட்டீர்கள். மறுநாள் காலையில் நான் காபி வாங்கப் போய்த் திரும்புவதற்குள் போய்விட்டீர்கள்.

காரியத்தன்று எனக்குக் கடைசியாகப் பொட்டு வைத்து, பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, பிறகு எல்லாவற்றையும் எடுத்தார்கள். ஊரே என்னைக் கட்டிக்கொண்டு அழுதது. உங்களிடமிருந்து இதையெல்லாம் எடுத்த அன்று அழ யாரும் இல்லை. நான்தான் எடுக்க வைத்தேன், மல்லிகைப் பூவோடு வீட்டுக்கு வந்தேன். என்னை நீங்கள் மன்னித்துத்தான் இருப்பீர்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று பிரியாவையும் கூட்டிக்கொண்டு அரியலூர் போய் ஒரு புடவை எடுத்தேன், நல்ல மாம்பழ நிறம். யாருக்கு என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் புடவையின் முந்தானையைத் தடவிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்மா. சின்னப் புள்ளையில ஒருநாள் ஜன்னல் வழியா பாத்திருக்கேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்," என்றாள்.

படையலுக்கு உங்கள் அண்ணன் வேட்டியும் துண்டும் வாங்கி வைத்திருக்கிறார். அதன் பக்கத்தில் இந்தப் புடவையையும் வளையலையும் வைக்கப் போகிறேன். யாருக்கு என்று அவர் கேட்பார், சித்தியும் கேட்பாள். இந்த முறை பேய் என்று சொல்ல மாட்டேன். இலை போட்டு, விளக்கேற்றி, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டுக் கூப்பிடுவேன்: வசந்தா, சாப்பிட வா.

இப்படிக்கு,
உங்களுக்கும் வசந்தாவுக்கும் வாழ்க்கைப்பட்ட
செல்வி