பேரரசைச் சுருக்கிய மாதம்

மார்ச் 3, திங்கள்

இன்று வீட்டுக்குப் பின்னால் இருக்கும் என் பட்டறையில் வரலாறு நடந்தது. ஈரல் ஒன்றுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

மருத்துவக் கல்லூரிகளுக்கு உடல் உறுப்பு மாடல்கள் செய்து தருவது என் தொழில். கடவுளுக்கு அடுத்தபடி உலகத்தில் அதிக மூக்கு செய்தவன் நான்தான். தரத்தில் அவருடையதைவிட என்னுடையது மேல். என் மூக்கு ஒன்றுகூட இதுவரை ஒழுகியதில்லை. அலமாரியில் அடுக்கியிருக்கும் சிறுநீரகங்களை வைத்து ஒரு சிறிய நாட்டையே ஒரு வாரம் ஓட்டலாம்.

போனில் பேசியவர், கணவன் மனைவிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு டாக்டரம்மா. அவருக்கு வேண்டியது ஆண் உறுப்பு. நெடுக்குவாட்டில் வெட்டி, உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற மாதிரி. ஒன்று உறங்கும் நிலையில், ஒன்று விழித்த நிலையில். “அளவெல்லாம் உங்களுக்கே தெரியுமே” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இத்தனை காலம் காது, குடல், மண்ணீரல் என்று குடிமக்களையே செய்துகொண்டிருந்தேன். இன்றுதான் மன்னரைச் செய்ய ஆணை வந்திருக்கிறது!

என் மனைவி, இவளிடம் சொன்னேன். என் மாடல்களுக்கு வண்ணம் பூசுகிறவள் இவள்தான். தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். கல்யாணமான நாளிலிருந்து கையில் தூரிகை, வாயில் கத்தி. ஈரலிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நல்லது. யாருக்காவது உபயோகப்படட்டும்” என்றாள்.

யாருக்காவது. அந்த வார்த்தையில் ஏன் அத்தனை அழுத்தம்?

மார்ச் 4, செவ்வாய்

ஏன் என்று எனக்குத் தெரியாதா என்ன.

போன மழைக்காலத்திலிருந்து நான் படுப்பது பட்டறைக் கட்டிலில். முதுகுவலி, மெத்தை ஆகவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். முதுகு தூண் மாதிரி இருக்கிறது. தூண் மாதிரி இல்லாதது வேறு. ஒரு முறை பாதியில் கைவிட்டது. அடுத்த முறை பாதிவரைகூட வரவில்லை. அதற்கும் அடுத்த முறையை நான் வரவே விடவில்லை. தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். ஐம்பத்தாறு வயதில் என்னிடம் இளமையாக மிச்சமிருப்பது வாய் ஒன்றுதான்.

இவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சண்டை போடுகிறவள் போடாமல் இருக்கிறாள். சாப்பிடக் கூப்பிடும்போதுகூட, தபால்காரரிடம் பேசுகிற மரியாதையோடு கூப்பிடுகிறாள். இப்படியே போனால் என்னைப் பார்த்து வணக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

உள்ளே திரும்பிப் போக வேண்டும். எப்படி? என்ன சொல்லிக்கொண்டு?

மார்ச் 8, சனி

களிமண்ணில் மன்னர் தயார். என்ன கம்பீரம்! இரண்டு கையாலும் தூக்கி மேசையில் நிறுத்தினேன். நிழல் சுவரைத் தாண்டிக் கூரையில் விழுந்தது. உள்ளே நடுவாந்தரமாக உறுதியான ஒரு தண்டு வைத்தேன். அது இல்லாமல் எப்படி நிற்கும்? கீழே இரண்டு விதைகளையும் அரண்மனை விளக்குகள் மாதிரி ஒரே மட்டத்தில் தொங்கவிட்டேன்.

இவள் வந்தாள். சுற்றி வந்து பார்த்தாள்.

“ஆர்டர் குடுத்தது ஆஸ்பத்திரியா, துறைமுகமா?”

“ஏன்?”

“இல்ல, மேல ஒரு விளக்கு வெச்சா கப்பலுக்கு வழி காட்டுமேன்னு கேட்டேன்.”

கலை தெரியாதவள்.

மார்ச் 12, புதன்

மன்னர் நாடு கடத்தப்பட்டார்.

ஒரு ஆளைத் துணைக்கு வைத்துத் தூக்கிக்கொண்டு போய் டாக்டரம்மாவின் மேசையில் வைத்தேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தையும் சிரித்தார்.

“சார், இதப் பாத்தா எங்கிட்ட வர்ற ஆம்பளைங்க பாதிப் பேர் அழுதுகிட்டே வீட்டுக்குப் போயிடுவாங்க. மீதிப் பேர் லேகியம் வாங்கப் போயிடுவாங்க. அவங்க பயத்தைப் போக்கறதுக்குத்தானே நான் மாடலே கேட்டேன்?”

விழித்த நிலையில் சராசரி ஐந்து அங்குலமும் சொச்சமும்தானாம். கொஞ்சம் கூட இருக்கலாம், கொஞ்சம் குறைய இருக்கலாம், எல்லாமே சரிதானாம். உறங்கும்போது இருக்கிற அளவை வைத்து விழித்த அளவைச் சொல்லவும் முடியாதாம். நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன், சரணாகதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவன் மாதிரி.

அடுத்து அந்தத் தண்டைத் தட்டிப் பார்த்தார். “இது என்ன, எலும்பா?”

“தாங்கிப் பிடிக்க வேணாமா டாக்டர்?”

“நாய்க்கு இருக்கு சார். மனுஷனுக்குக் கிடையாது.”

எத்தனை எலும்புக்கூடு செய்திருப்பேன்! ஒன்றில்கூட அந்த இடத்தில் எலும்பு வைத்ததில்லை. இதில் மட்டும் வைத்தேன். புத்தகத்தைப் பார்த்து வைக்கவில்லை, ஆசையைப் பார்த்து வைத்துவிட்டேன்.

உள்ளே இருப்பது பஞ்சு மாதிரியான திசு. மேலே இரண்டு உருளை. கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒன்று. ரத்தம் வந்து நிறைந்தால் விழிக்கும், வடிந்தால் உறங்கும். வெளியே தெரிவது போக மிச்சம் இடுப்புக்குள்ளே வேர் மாதிரி போகிறதாம். (இதைக் கேட்டதும் கொஞ்சம் ஆறுதல். கண்ணுக்குத் தெரியாத நிலப்பரப்பும் மன்னருக்குச் சொந்தம்தானே.) சிறுநீர்ப்பைக்கு அடியில் அக்ரூட் கொட்டை அளவில் புராஸ்டேட் சுரப்பி. விதைகளில் ஒன்று சற்றுத் தாழ்ந்துதான் தொங்கும். உடம்புச் சூடு ஆகாது என்பதால்தான் வெளியே குடித்தனம்.

கிளம்பும்போது டாக்டரம்மா ஒன்று சொன்னார். “முக்கியமானது இதுதான் சார். எல்லாரும் முறுக்கினா வரும்னு நெனைக்கிறாங்க. உள்ள இருக்கிற தசை தளர்ந்தாதான் ரத்தம் உள்ள போகும். பயந்தா, வருமா வராதான்னு காவல் காத்தா, வராது.”

என்னைப் பார்த்தா சொன்னார்? இல்லை, மாடலைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு வியர்த்தது.

மார்ச் 14, வெள்ளி

சுருக்கிக்கொண்டிருக்கிறேன். சாம்ராஜ்யத்தின் கடைசி மன்னனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

மார்ச் 16, ஞாயிறு

மச்சான் வந்தான். இவளுடைய தம்பி, கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன். காயவைத்திருந்த புதிய வார்ப்பைப் பார்த்துவிட்டு இடி இடியென்று சிரித்தான்.

“என்ன மாமா, டாக்டரம்மா காசு கம்மியாக் குடுத்தாங்களா? இத்தோட நிறுத்திட்டீங்க?”

“சராசரி இதுதாண்டா.”

“சும்மா இருங்க மாமா.”

“அளவெடுத்து வெச்சிருக்காங்கடா. ஆயிரக்கணக்கான பேரை.”

சிரிப்பு நின்றது. வார்ப்பைக் கையில் எடுத்தான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாக, “நெஜமாவே இவ்ளோதானா மாமா?” என்றான்.

“நெஜமா.”

பத்திரமாக வைத்துவிட்டுப் போனான். தெருமுனை திரும்புகிறவரை அவன் விசிலடிப்பது கேட்டது. சிறு வயசிலிருந்து பார்க்கிறேன், அவன் விசிலடித்து இன்றுதான் கேட்கிறேன்.

மார்ச் 19, புதன்

மாட்டிக்கொண்டேன்.

இவள் வண்ணம் பூச உட்கார்ந்தாள். சிவப்பு முடிந்தது, நீலம் முடிந்தது. மஞ்சளைத் தொட்டுக்கொண்டு, “இந்த நரம்பு எங்கேருந்து வருது?” என்றாள்.

“முதுகெலும்பு. அடிமுதுகு.” தொழில் ஞானம் வழிய வழியச் சொன்னேன். முட்டாள்.

தூரிகை நின்றது. “அடிமுதுகா? உங்களுக்கு வலிக்குதே, அங்கயா?”

இதோ பார், கடவுளாகப் பார்த்து ஒரு கதவு திறக்கிறார் என்று தோன்றியது. வைத்தேன் பார் ஒரு பிரசங்கம்! வலி அடிமுதுகில் பிறந்து, இடுப்பில் வளர்ந்து, அந்த மஞ்சள் நரம்பு வழியாகப் படையெடுத்து, மொத்தப் பிரதேசத்தையும் செயலிழக்கச் செய்துவிட்டது. அதனால்தான் இத்தனை மாதம். மற்றபடி என் பக்கம் ஒரு குறையும் இல்லை. சொல்லச் சொல்ல எனக்கே முதுகு வலித்தது.

முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். “ஐயோ பாவம்” என்றாள். போனை எடுத்து டாக்டரம்மாவிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டாள். “ரெண்டு பேருமே வர்றோம் டாக்டர்.”

மார்ச் 20, வியாழன்

ஊரை விட்டு ஓடலாமா?

மார்ச் 22, சனி

ஓடவில்லை.

டாக்டரம்மாவின் மேசைமேல் நான் செய்து கொடுத்த புது மாடல். அதற்கு இந்தப் பக்கம் நான், பக்கத்தில் இவள். “முதுகுல எந்த இடம் சார்?” என்று கேட்டார். கையைப் பின்னால் கொண்டுபோனேன். இங்கே என்று காட்டினேன். இல்லை, இங்கே. கொஞ்சம் மேலே. கை முதுகு பூராவும் அலைந்தது. வலி மட்டும் அகப்படவில்லை.

இவள் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் கைகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்தது.

“முதுகு இல்ல டாக்டர். எனக்கு எழுந்திருக்கிறதில்ல.”

அவ்வளவுதான். என் வாழ்க்கையில் உவமை இல்லாமல் நான் பேசிய ஒரே வாக்கியம்.

பிறகு இவள், என்னிடம் இல்லை, டாக்டரம்மாவிடம்தான் சொன்னாள்: “பிளாஸ்டர் மூட்டைய ஒத்தக் கையில தூக்கறாரு டாக்டர். முதுகு இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். எனக்கு மாசா மாசம் வர்றது நின்னுபோச்சு. அதோட நான் இவருக்கு வேணாம்னு ஆயிட்டேன்னு நெனச்சேன்.”

அடிப்பாவி. அப்படியா நெனச்சே? இத்தனை மாசமா அதையா நெனச்சுகிட்டு அந்த ரூம்ல தனியாப் படுத்திருந்தே? நான் என் மானத்தைக் காப்பாத்தறேன்னு... சே.

அதன்பிறகு டாக்டரம்மா வேலையைப் பார்த்தார். விடியற்காலையில் எழுகிறதா என்றார். சில நாள் தரிசனம் உண்டு என்றேன். அப்படியானால் பாதை மொத்தமாக அடைபடவில்லை, பாதிக்கு மேல் பயம்தான் என்றார். ரத்த அழுத்தம் பார்த்தார், புருவம் உயர்ந்தது. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார்.

“அங்க போற ரத்தக்குழாய் சன்னம் சார். கோளாறு வந்தா முதல்ல அங்கதான் தெரியும், இதயத்துல அப்புறம்தான். முன்கூட்டியே வந்து சொல்லுது, அதைப் போய்த் திட்டறீங்களே. சிகரெட்டை நிறுத்துங்க. நடங்க. மாத்திரை இருக்கு, வேணும்னா நான் பாத்துத் தர்றேன். கடையில நீங்களா வாங்காதீங்க. குதிரைப் படம் போட்ட லேகிய டப்பா பக்கமே போகாதீங்க.”

இவளும் தன் பங்குக்குக் கேட்டாள்: வறட்சியாக இருக்கிறது, எரிகிறது. அதற்கு ஜெல் இருக்கிறதாம், வெட்கப்பட ஒன்றுமில்லையாம். அதோடு நிற்காமல், நிறையப் பெண்களுக்கு உறவு மட்டுமே போதாது, பெண்ணுறுப்பின் மேல்முனையில் இருக்கிற கிளிட்டோரிஸ்தான் முக்கியம், கருவில் ஆணுடையதும் அதுவும் ஒரே மொட்டிலிருந்து வளர்ந்ததுதான் என்று டாக்டரம்மா விளக்கினார். நான் மேசையில் இருந்த மன்னரைப் பார்த்தேன். இத்தனை காலம் பக்கத்திலேயே ஒரு ராணி இருந்திருக்கிறாள், எல்லா விழாவுக்கும் இவரை மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறோம்.

“அதுக்கும் ஒரு மாடல் ஆர்டர் குடுங்க டாக்டர்” என்றாள் இவள். “கையால செஞ்சாதான் இவருக்கு மண்டையில ஏறும்.”

கடைசியில் வந்தது தீர்ப்பு. ஒரே கட்டிலில் படுக்க வேண்டும். தொடலாம், பேசலாம், எங்கே பிடிக்கிறது என்று சொல்லலாம். உறவு மட்டும் கூடாது. “எழுந்தாலும் கண்டுக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் தடை.”

முடியாதவனுக்குத் தடை! காலில்லாதவனை ஓடாதே என்கிற மாதிரி. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தோம். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

சர்க்கரை விளிம்பில் நிற்கிறதாம். தள்ளிவிடாமல் இருப்பது என் பொறுப்பு. அழுத்தத்துக்கு மாத்திரை ஆரம்பம். சிகரெட் இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. “எங்கிட்டக் குடுங்க” என்றாள்.

மார்ச் 29, சனி

எத்தனையோ கழுத்து செய்திருக்கிறேன். குறுக்குவெட்டு, நெடுக்குவெட்டு, தைராய்டோடு, தைராய்டு இல்லாமல். இவளுக்குப் பிடரியில், முடி தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே இடப்புறமாக ஒரு இடம் இருக்கிறது. எந்தப் பாடப்புத்தகத்திலும் அது குறிக்கப்படவில்லை. நேற்று இவளே கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினாள். “இங்க. மெதுவா. உப்புத்தாள் போடற மாதிரி இல்ல.”

கண்டம் கண்டுபிடித்தவனுக்குக்கூட இத்தனை பெருமை இருந்திருக்காது. அவன் கண்டம் அவனோடு பேசவில்லையே.

மார்ச் 31, திங்கள்

வருமா வராதா என்று காவல் காப்பதை மறந்துவிட்டேன். அதைப் பற்றி இன்று இவ்வளவுதான் எழுதுவேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மணி பத்தாகப்போகிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மாவே போன் செய்தார். இவள் படுத்தபடியே எடுத்தாள். கால் என் முழங்கால்மேல்.

“ஆமா டாக்டர்... மாத்திரை போடறாரு... நடக்கறாரு. அதுவா? ஐயோ, ரொம்பக் கண்டிப்பா இருக்கோம் டாக்டர். அவரு கட்டில்ல அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. நடுவுல ஒரு ரயிலே போகலாம்!”

ஈரலில் ஒரு புள்ளி கூடிவிட்டால்கூடச் சுரண்டித் திருத்துகிறவள். கூசாமல் ரயில் விடுகிறாள்.

அந்தப் பக்கம் டாக்டரம்மா சிரிப்பது எனக்கே கேட்டது. தடை அப்படியே தொடரட்டும், நல்லா வேலை செய்யுது என்றாராம்.