உங்கள் கண்ணில் படாமல் திரிகிறவர்

திருமானூர்,
ஐப்பசி மாதம்

மதிப்பிற்குரிய டாக்டர் ஷஃபியுல்லா அவர்களுக்கு,

திருமானூர் உண்ணாமலை வணக்கத்துடன் எழுதுவது. மலைக்குளிர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? இங்கே நல்ல மழை. சம்பா நட்டு, பயிர் பச்சை பிடித்துவிட்டது. என் மாமியாரின் இடது கண்ணுக்கு நீங்கள்தான் அரியலூரில் புரை எடுத்தீர்கள். வலது கண்ணை வேறு டாக்டரிடம் காட்டலாம் என்றால், "அவரு பட்டாளத்துலேருந்து வரட்டும், அதுவரைக்கும் ஒத்தக் கண்ணு போதும்" என்கிறார். வருடத்தில் இரண்டு மாதம் கிளினிக்கை விட்டுவிட்டு நீங்கள் ராணுவத்துக்கு வேலை பார்க்கப் போவதில் அவருக்குக் கோபம்தான். எனக்கும் இருந்தது, போன வாரம் வரைக்கும்.

போன வாரம் என் வீட்டுக்காரர் போன் செய்தார். பெயர் அறிவுச்செல்வன். நீங்கள் இருக்கிற முகாமிலேயே ராணுவ லாரி ஓட்டுகிறார். நம்ம ஊர் டாக்டர் யூனிஃபார்ம் போட்டு வந்திருக்கிறார், வீரர்களுக்குக் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுக்கிறார், சிலருக்கு ஆபரேஷனும் உண்டு என்றார். போய்ப் பேசினீர்களா என்று கேட்டேன். "அவரு இருக்குற பக்கமே நான் போறதில்ல" என்றார். ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற மனிதர் இவர்!

காரணம் எனக்குத் தெரியும். அவருக்குத் தூரத்தில் இருப்பது தெரிவதில்லை. பட்டாளத்தில் சேரும்போது நன்றாக இருந்த கண். சித்திரையில் லீவுக்கு வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. மகளிர் குழுவில் எல்லோரும் ஒரே மாதிரி ஊதாச் சேலை எடுத்திருந்தோம். கூட்டம் முடிந்து என்னை அழைத்துப்போக வந்தவர், என்னை விட்டுவிட்டு, குழுவில் இருக்கிற கவிதாவைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டுகிறார். அவள் வெட்கத்தில் நெளிந்தாள். நான் நாலைந்து நாள் அவருக்கு ஒழுங்காகச் சோறு போடவில்லை. அப்புறம்தான் கவனித்தேன். அரியலூர் பஸ் வந்தால் போர்டு பக்கத்தில் வரும்வரை அசைய மாட்டார். ஏறுவதற்குள் பஸ் போய்விட்டால், "கூட்டமா இருக்கு, அடுத்ததுல போவோம்" என்பார். பஸ் காலியாகத்தான் போகும். எனக்கு ஆத்திரம் போய்ப் பயம் வந்தது.

கேட்டதற்கு ஒத்துக்கொண்டார். பரிசோதனைக்கு முன்னால் எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துவிடுவாராம். தெரிந்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள், ஹவில்தார் பதவியும் வராது என்று பயம். "நீ வாயத் தொறந்தா நம்ம சோத்துல மண்ணுதான்" என்று எங்கள் மகள் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். சாமி இதை ஒத்துக்கொள்ளுமா தெரியாது. பாவம் வந்தால் எனக்கு வரட்டும், பிள்ளையை விட்டுவிடட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

முகவரியை உங்கள் வீட்டுக்கே போய் ஜுலைகா அக்காவிடம் வாங்கினேன். எதற்கென்று அவர்கள் கேட்கவே இல்லை. டீ கொடுத்துவிட்டு, போன தடவை உங்களிடம் கண்ணாடி வாங்கின டிரைவர் ஒருவர் இன்னும் வண்டி ஓட்டுகிறார் என்று தானாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது ரொம்ப நாள் கழித்து மனசு லேசாக இருந்தது.

டாக்டர் சார், அவர் லாரி ஓட்டுகிற பாதையில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளமாம். பழகின ரோடுதானே என்கிறார். மழை பெய்தால் தினம் ஒரு இடத்தில் மண் சரிகிறது என்று அவரேதான் சொன்னார். லாரியின் பின்னால் வீரர்கள் உட்கார்ந்து வருகிறார்கள். அவர்கள் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள். அவளுக்கு இது தெரியாது, எனக்குத் தெரியும்.

அவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். கண்ணாடியோ ஆபரேஷனோ, எதில் சரியாகுமோ செய்யுங்கள். அதுவரை லாரியைத் தொட விடாதீர்கள். வேலைக்குக் குறை வராமல் பார்த்துக்கொண்டால் உங்களுக்குப் புண்ணியம். குறை வந்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் நிலம் இருக்கிறது, பிழைத்துக்கொள்வோம். யார் சொன்னது என்று குதிப்பார். மறைக்க வேண்டாம், என் பெயரையே சொல்லுங்கள். பொங்கலுக்கு வந்து என்னோடு ஊரே கேட்கிற மாதிரி சண்டை போடட்டும். வந்தால் போதும்.

தங்கள் சகோதரி,
உண்ணாமலை